கர்ணத்துக்கு வரையும் குத்துக்கோடு: 10-க்கு 6 ஏன் பொருந்தாது?

ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 அங்குலம், அந்தக் கர்ணத்துக்கு வரைந்த உயரம் 6 அங்குலம் என்றால் பரப்பளவு என்ன? அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதி எடு, 30 சதுர அங்குலம். பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இந்த விடை பட்டென்று வந்துவிடும். சூத்திரம் சரிதான், பெருக்கலும் சரிதான், ஆனால் அப்படி ஒரு முக்கோணமே கிடையாது.

ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னால்ட் சிறுவர்களுக்காகத் தொகுத்த கணக்குகளில் இதையும் சேர்த்திருக்கிறார். அமெரிக்கத் தேர்வில் பிள்ளைகள் வருடக்கணக்காக 30 என்று எழுதிவந்தார்கள், மாஸ்கோவிலிருந்து வந்த பிள்ளைகள் ஒருவரால்கூட அந்த விடையைத் தர முடியவில்லை, ஏன் என்று அவர் கேட்கிறார். கொஞ்சம் குசும்பு கலந்த கதை, நிஜமாகவே நடந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இப்போது வேலைக்கான நேர்முகத் தேர்வுப் புதிர் என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது, கீழே ஆளாளுக்கு ஒரு விளக்கம். பாதிப் பேர் 'கேள்வியே தப்பு' என்கிறார்கள், ஏன் தப்பு என்று மட்டும் சொல்வதில்லை. அதைத்தான் அடியிலிருந்து பார்க்கப்போகிறோம்.

## எந்த உயரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு கோணம் சரியாக 90 டிகிரி இருந்தால் அது செங்கோண முக்கோணம். அந்த 90 டிகிரி மூலைக்கு எதிரே கிடக்கும் பக்கம்தான் கர்ணம் (இலங்கையில் படித்தவர்களுக்குச் செம்பக்கம்). மூன்று பக்கங்களிலும் அதுவே நீளமானது. மற்ற இரண்டையும் இந்தக் கட்டுரையில் சிறு பக்கங்கள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஒரு மூலையிலிருந்து கிளம்பி எதிர்ப்பக்கத்தில் 90 டிகிரியில் போய் முட்டும் கோடு குத்துக்கோடு. நாம் உயரம் என்று சொல்வது இதன் நீளத்தைத்தான்.

எந்த முக்கோணமானாலும் மூலைக்கு ஒன்றாக மூன்று குத்துக்கோடுகள் இருக்கும். செங்கோண முக்கோணத்தில் அதில் இரண்டு நமக்கு இலவசம், ஏனென்றால் சிறு பக்கங்கள் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன, ஒன்றை அடியாக எடுத்தால் மற்றதே உயரமாகிவிடுகிறது. கரும்பலகையில் எப்போதும் செங்கோணத்தைக் கீழ் மூலையில் வைத்தே வரைந்து பழகிவிட்டதால் இந்த இரண்டு உயரங்கள்தான் கண்ணுக்குப் படும். மூன்றாவது உயரம், அதாவது செங்கோண மூலையிலிருந்து கர்ணத்துக்கு இறங்குவது, படத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது. முக்கோணத்தைத் திருப்பிக் கர்ணத்தைத் தரையில் படுக்கவைத்தால், செங்கோண மூலை மேலே கூரையின் முகடு போல நிற்கும். அந்த முகட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு தூரம் என்பதே கேள்வி.

## ஒரு அரை கிரவுண்டு மனை

30-க்கு 40 அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1200 சதுர அடி, சென்னைக் கணக்கில் அரை கிரவுண்டு. எதிரெதிர் மூலைகள் இரண்டில் முளையடித்துக் குறுக்கே ஒரு கயிறு கட்டினால் கயிற்றின் நீளம் 50 அடி வரும். இது ஒன்றும் புதிதல்ல, 3, 4, 5 அளவு வைத்து மூலை மட்டம் பார்க்கும் கொத்தனாருக்குத் தெரிந்த கணக்குதான், எல்லாவற்றையும் பத்தால் பெருக்கியிருக்கிறோம், அவ்வளவே.

இப்போது கயிறு தொடாத மூலைகளில் ஒன்றில் போய் நில்லுங்கள். அங்கிருந்து கயிற்றைத் தொட வேண்டும், முடிந்தவரை குறைவாக நடக்க வேண்டும். எத்தனை அடி?

கயிற்றுக்கு நேர் செங்குத்தாக நடப்பதுதான் மிகக் குறைந்த தூரம், சாய்ந்து நடந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தூரம் கூடும். ஆக நீங்கள் நடக்கும் பாதைதான் குத்துக்கோடு, கயிறுதான் கர்ணம்.

நீளத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கயிறு மனையைச் சரிபாதியாகப் பிரிக்கிறது, ஒரு பாதி 600 சதுர அடி. அந்தப் பாதி ஒரு முக்கோணம். 30 அடிப் பக்கத்தை அடியாகவும் 40-ஐ உயரமாகவும் வைத்துக் கணக்கிட்டாலும் 600 வர வேண்டும், 50 அடிக் கயிற்றை அடியாக வைத்து அதற்குரிய உயரத்தால் கணக்கிட்டாலும் அதே 600 வர வேண்டும், ஏனென்றால் நிலம் ஒன்றுதானே, நாம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அளக்கிறோம் என்பதற்காக அது கூடவோ குறையவோ போவதில்லை. 50 × உயரம் ÷ 2 = 600. உயரம் 24 அடி.

இதையே பொதுவாக எழுதினால், சிறு பக்கங்கள் இரண்டையும் பெருக்கிக் கர்ணத்தால் வகுத்தால் குத்துக்கோடு கிடைக்கும்: 30 × 40 ÷ 50 = 24. பக்கங்கள் 5, 12, 13 உள்ள முக்கோணத்தில் 60 ÷ 13, அதாவது 4.6 சொச்சம். 6, 8, 10-இல் 4.8. சூத்திரம் மறந்துபோனாலும் கவலையில்லை, ஒரே பரப்பளவை இரண்டு விதமாக எழுதினால் அதுவாக வந்து நிற்கும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கர்ணத்துக்கான குத்துக்கோடு என்பது செங்கோண மூலைக்கும் கர்ணத்துக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம், சிறு பக்கங்கள் தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

## நடுவில் போய் விழாது

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். குத்துக்கோடு கர்ணத்தின் நடுவில் போய் விழும் என்று மனம் தானாக நினைத்துக்கொள்கிறது, படமும் அப்படித்தான் கையில் வருகிறது. நடுப்புள்ளிக்குப் போகும் கோட்டுக்கு வேறு பெயர் உண்டு, அது நடுக்கோடு.

நம் மனையில் இரண்டையும் அளந்து பார்த்துவிடலாம். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம், இரண்டும் ஒன்றையொன்று சரிபாதியில் வெட்டிக்கொள்கின்றன. ஆகவே நீங்கள் நிற்கும் மூலையிலிருந்து கயிற்றின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் இன்னொரு மூலைவிட்டத்தின் பாதி, அதாவது 25 அடி. குத்துக்கோடோ 24 அடி. ஓர் அடிதான் வித்தியாசம் என்பதால் கண்ணளவில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஆனால் கயிற்றைத் தொடும் இடம் நன்றாகவே தள்ளிப்போயிருக்கும். எங்கே தொடுகிறது என்பதையும் பிதாகரஸ் தேற்றத்தை வைத்தே பார்க்கலாம்: 30 அடிப் பக்கம், 24 அடிக் குத்துக்கோடு, கயிற்றில் ஒரு துண்டு, இவை மூன்றும் சேர்ந்து ஒரு சின்னச் செங்கோண முக்கோணம். 900-இலிருந்து 576 போனால் 324, அதன் வர்க்கமூலம் 18. ஆகக் குத்துக்கோடு கயிற்றை 18 அடி, 32 அடி என்று இரண்டு துண்டாக்குகிறது. நடுப்புள்ளி 25-இல் இருக்கிறது, இது 18-இல் விழுகிறது, 7 அடி தள்ளி. (7, 24, 25 என்பதும் ஒரு செங்கோண முக்கோணம் என்பதைக் கவனித்தீர்களா? கவனிக்காவிட்டால் ஒரு முறை வரைந்து பாருங்கள்.)

குத்துக்கோடு எப்போதும் சின்னப் பக்கம் இருக்கும் முனையின் பக்கமே ஒதுங்கும். மனை சதுரமாக இருந்தால் மட்டும், அதாவது சிறு பக்கங்கள் இரண்டும் சமமாக இருந்தால் மட்டும், அது நடுவில் விழும். அப்போது நடுக்கோடும் குத்துக்கோடும் ஒன்றே.

## அப்படியானால் 10-க்கு 6?

விடை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. செங்கோண மூலையிலிருந்து கர்ணத்தின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் எப்போதும் கர்ணத்தில் பாதி, ஏனென்றால் எந்தச் செங்கோண முக்கோணமும் ஏதோ ஒரு செவ்வகத்தின் பாதிதான். குத்துக்கோடு மிகக் குறைந்த தூரம். மிகக் குறைந்த தூரம், நடுப்புள்ளிக்கு உள்ள தூரத்தைவிடக் கூடுதலாக இருக்க வழியே இல்லை. ஆகவே கர்ணத்துக்கான உயரம் கர்ணத்தின் பாதியைத் தாண்டாது.

கர்ணம் 10 என்றால் உயரம் அதிகம் போனால் 5. பரப்பளவு அதிகம் போனால் 25. 6-க்கும் 30-க்கும் இடமே இல்லை.

நம்பிக்கை வராதவர்கள் இயற்கணிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சிறு பக்கங்களை அ, ஆ என்று வைப்போம். உயரம் 6 என்றால் அ × ஆ = 10 × 6 = 60. பிதாகரஸ் சொல்வது அ² + ஆ² = 100. இரண்டாவதிலிருந்து முதலாவதின் இருமடங்கைக் கழித்தால் (அ − ஆ)² = 100 − 120 = −20. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் குறை எண் வாங்க முடியாது, கணக்கு அங்கேயே படுத்துவிடுகிறது. உயரத்தை 4.8 என்று மாற்றுங்கள்: அ × ஆ = 48, வித்தியாசத்தின் வர்க்கம் 100 − 96 = 4, கூட்டலின் வர்க்கம் 100 + 96 = 196, ஆகக் கூட்டினால் 14, கழித்தால் 2, பக்கங்கள் 8-ம் 6-ம் என்று அழகாக வந்து உட்காருகின்றன. உயரம் சரியாக 5 என்றால் இரண்டு பக்கமும் சமம், ஒவ்வொன்றும் 7.07 சொச்சம்.

கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டால், ஒரு அட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் செட்ஸ்கொயரின் 90 டிகிரி மூலை மேலே இருக்க, அந்த மூலையை ஒட்டிய இரண்டு விளிம்புகளும் குண்டூசிகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துங்கள். மூலை போகும் வழியைப் பென்சிலால் குறித்தால் அரைவட்டம் வரும். ஆரம் 5 செ.மீ. அந்த அரைவட்டத்தின் உச்சிக்கு மேலே அந்த மூலை ஏறவே ஏறாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: செங்கோணம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அடிப்பக்கம் 10, உயரம் 6 உள்ள முக்கோணங்கள் எத்தனை வேண்டுமானாலும் உண்டு, அவற்றின் பரப்பளவு 30-தான். ஆனால் மேல் மூலை 90 டிகிரிக்குக் குறைவாகவே இருக்கும். கேள்வியில் 'செங்கோண' என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

சுருக்கம்: கர்ணமும் அதற்கான உயரமும் நாம் இஷ்டத்துக்கு வைக்கும் இரண்டு எண்கள் அல்ல. கர்ணத்தை முடிவு செய்துவிட்டால் உயரத்துக்குப் பாதி வரைதான் அனுமதி.

## உள்ளே இரண்டு குட்டி முக்கோணங்கள்

பரப்பளவை வைத்துக் கண்டுபிடிப்பது குறுக்குவழி. உண்மையில் உள்ளே நடப்பது இதைவிடச் சுவையானது.

குத்துக்கோடு முக்கோணத்தை இரண்டாக வெட்டுகிறது. நம் மனையில் ஒரு துண்டின் பக்கங்கள் 18, 24, 30. இன்னொன்றின் பக்கங்கள் 24, 32, 40. மொத்த முக்கோணம் 30, 40, 50. மூன்றையும் சுருக்கிப் பாருங்கள், முதலாவதை 6-ஆல், இரண்டாவதை 8-ஆல், பெரியதை 10-ஆல் வகுத்தால் மூன்றுமே 3, 4, 5. அளவில்தான் பெரிது சிறிது, உருவம் ஒன்றே. இப்படி ஒரே கோணங்களும் ஒரே பக்க விகிதமும் கொண்டவற்றை வடிவொத்த முக்கோணங்கள் என்கிறோம்.

இது 3, 4, 5-க்கு மட்டும் நேர்ந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரிய முக்கோணத்தில் 90 போக மீதி இரண்டு கோணங்களைக் கூட்டினால் 90. வெட்டிய ஒவ்வொரு துண்டும் அந்த இரண்டில் ஒரு கோணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது, கூடவே குத்துக்கோட்டின் அடியில் ஒரு 90 டிகிரி கிடைக்கிறது, அப்புறம் மூன்றாவது கோணம் வேறு எதுவாகவும் இருக்க முடியாது, விட்டுப்போன அந்த மற்றக் கோணம்தான். எனவே எந்தச் செங்கோண முக்கோணத்தை எடுத்தாலும் மூன்றும் வடிவொத்தவை. யூக்ளிட் தன் 'மூலங்கள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் எட்டாவது தேற்றமாக இதைத்தான் வைத்திருக்கிறார்.

வடிவொத்தவை என்று தெரிந்துவிட்டால் விகிதம் எழுதலாம். சின்னத் துண்டில் 18-க்கு 24 எப்படியோ, அடுத்ததில் 24-க்கு 32 அப்படியே. குறுக்கே பெருக்கினால் 24 × 24 = 18 × 32. இரண்டு பக்கமும் 576. அதாவது குத்துக்கோட்டின் வர்க்கம், கர்ணத்தின் இரண்டு துண்டுகளையும் பெருக்கியதற்குச் சமம். இரண்டு எண்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்குப் பெருக்குச் சராசரி என்று பெயர். 18, 32 ஆகியவற்றின் பெருக்குச் சராசரி 24. அதே இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்கினால் வரும் நம் வழக்கமான கூட்டுச் சராசரி 25, அது நடுக்கோட்டின் நீளம். பெருக்குச் சராசரி கூட்டுச் சராசரியைத் தாண்டாது என்று மேல்வகுப்பில் ஒரு விதி படிப்போம். குத்துக்கோடு நடுக்கோட்டைத் தாண்டாது என்று சற்று முன் கயிற்றில் பார்த்ததும் அதே விதிதான், படத்தில் பார்த்தோம்.

இதை வைத்து வர்க்கமூலத்தையே வரைந்துவிடலாம். தேக்கார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலின் தொடக்கத்திலேயே இந்த முறை இருக்கிறது. 7-இன் வர்க்கமூலம் வேண்டுமா? 7 செ.மீ. கோட்டோடு 1 செ.மீ. சேர்த்து 8 செ.மீ. ஆக்குங்கள், அதன் மேல் அரைவட்டம் போடுங்கள், 7-ம் 1-ம் சேரும் இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு அரைவட்டம் வரை ஏற்றுங்கள். அந்தக் கோட்டின் வர்க்கம் 7 × 1. ஸ்கேலை வைத்தால் 2.6-க்கும் 2.7-க்கும் நடுவில் வரும். கால்குலேட்டர் 2.6457 என்கிறது.

## பிதாகரஸே இதற்குள் இருக்கிறார்

இன்னொரு ஜோடி விகிதம் பாக்கி இருக்கிறது. சின்னத் துண்டைப் பெரிய முக்கோணத்தோடு ஒப்பிட்டால் 30 × 30 = 18 × 50. அடுத்த துண்டை ஒப்பிட்டால் 40 × 40 = 32 × 50. சிறு பக்கத்தின் வர்க்கம், அதை ஒட்டிய கர்ணத் துண்டை முழுக் கர்ணத்தால் பெருக்கியதற்குச் சமம். இரண்டையும் கூட்டுங்கள். வலப்பக்கம் 18-ம் 32-ம் சேர்ந்து 50 ஆகிவிடுவதால் 50 × 50. பிதாகரஸ் தேற்றம் தன்னால் நிரூபணமாகிவிட்டது, பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த நிரூபணம் இதேதான், அன்று எங்கிருந்தோ ஒரு செங்குத்துக் கோடு வந்து குதித்தது போலத் தோன்றியிருக்கும்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தன் பீஜகணிதத்தில் இதே வழியில் போகிறார். சிறு பக்கங்கள் 15, 20, கர்ணம் என்ன, அதற்கு விளக்கமும் சொல் என்று கேட்கிறார். கர்ணத்தைத் தெரியாத எண்ணாக வைத்து, அதையே அடியாகக் கிடத்தி, குத்துக்கோடு இறக்குகிறார். ஒரு துண்டு 225-ஐக் கர்ணத்தால் வகுத்தது, இன்னொன்று 400-ஐக் கர்ணத்தால் வகுத்தது, இரண்டும் சேர்ந்தால் கர்ணம். ஆகக் கர்ணத்தின் வர்க்கம் 625, கர்ணம் 25.

## கணக்கில் எதை எடுப்பது?

என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். இரண்டு சிறு பக்கங்களும் தெரிந்தால் பரப்பளவு வழி. கர்ணத்தின் இரண்டு துண்டுகள் தெரிந்தால் பெருக்கி வர்க்கமூலம்: 4-ம் 9-ம் என்றால் குத்துக்கோடு 6, கர்ணம் 13. ஒரு சிறு பக்கமும் கர்ணமும் தெரிந்தால் முதலில் பிதாகரஸ் வைத்து மற்றப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு மேலே போகலாம். அதிகம் நடக்கும் பிழை துண்டை மாற்றிப் போடுவது: 30 அடிப் பக்கத்துக்கு அதை ஒட்டிய 18-ஐ எடுக்காமல் 32-ஐ எடுத்துவிடுவார்கள், விடை ஒரு 40 ஆக வந்து நிற்கும். இன்னொன்று, இந்தச் சூத்திரங்களைச் செங்கோணம் இல்லாத முக்கோணத்திலும் போட்டுவிடுவது. அங்கே ஒன்றுமே செல்லாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வசதி சொல்கிறேன். விடை எல்லாமே முழு எண்ணாக வரும்படி கேள்வி அமைக்க வேண்டுமானால், 3, 4, 5 போன்ற ஒரு தொகுதியை எடுத்து அதன் கர்ணத்தாலேயே எல்லாவற்றையும் பெருக்குங்கள். 3, 4, 5-ஐ ஐந்தால் பெருக்கினால் 15, 20, 25, குத்துக்கோடு 12, துண்டுகள் 9-ம் 16-ம். பாஸ்கரர் எடுத்த எண்கள் அவைதான். 5, 12, 13-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 65, 156, 169, குத்துக்கோடு 60, துண்டுகள் 25-ம் 144-ம். துண்டுகள் ஒவ்வொரு முறையும் பழைய சிறு பக்கங்களின் வர்க்கமாகவே வருவதைப் பாருங்கள், 9 என்பது 3², 16 என்பது 4², 25-ம் 144-ம் 5²-ம் 12²-ம். 8, 15, 17-ஐ வைத்து அடுத்ததை நீங்களே போட்டுக்கொள்ளலாம், குத்துக்கோடு 120 வர வேண்டும்.